பதினான்காம் கேள்வி

தன்னார்வலர் வரைந்த வரைபடம்
உங்கள் முடிவை மாற்றியதா?
ஆம். இல்லை. பொருந்தாது.
நானே எழுதிய கேள்வி.

பூசி ஆறு வடிந்து ஐந்து மாதம்.
பள்ளிக்கூடச் சுவரில் என் தோள் உயரத்துக்கு
இன்னும் அந்தச் சேற்றுக் கோடு.
பென்வின்டா மஷாவா காலணியைக் கழற்றிவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.
புயல் வாரத்தில் படகுகளை ஏவியவர்.
படகு நான்கு. பெட்ரோல் இரண்டுக்கு.

"முதல் இரவு என்னிடம் இருந்தது
பழைய சுவர்ப்படம் ஒன்று.
அதில் ஆற்றுக்கு அக்கரையே கிடையாது, வெறும் பச்சை.
மூன்றாம் நாள் விடியலில் கணினியைத் திறந்தால்
பச்சை முழுக்க வீடுகள்.
பதினோராயிரம் சின்னச் சதுரம்.
யாரோ ராத்திரியெல்லாம் விதைத்திருந்தார்கள்."

யாரென்று எனக்குத் தெரியும். பட்டியல் இருக்கிறது.
தார்த்துவில் பல்மருத்துவம் படிக்கும் கைசா,
லா பாஸில் ஓர் இரவுக் காவலர்,
இந்த ஊருக்குக் கண்ணால் மட்டும்
வந்து போன நானூறு பேர்.
துல்லியம் எண்பத்தொரு சதவீதம்,
அறிக்கையில் ஆறாம் அட்டவணை.

மீதிப் பத்தொன்பதைப் படகோட்டி அடெலினோ சொன்னார்,
செதில் ஒட்டிய விரலை வரைபடத்தில் ஊன்றி:
"இந்த மூன்று வீடும் வீடே இல்லை.
முந்திரி மரங்களின் நிழல்.
இரண்டு மணி நேரம், பதினெட்டு லிட்டர்."

ஏட்டுச் சுரைக்காய் என்று ஓரத்தில் கிறுக்கி
'பிழை' கட்டத்தில் பென்சிலால் குறியிட்டேன்.
அவர் முடித்திருக்கவில்லை.

"திரும்பும் வழியில் ஒரு கரையான் புற்று.
தண்ணீருக்கு மேல் ஒரு முழம்.
அதன்மேல் ஏழு பேர், ஓர் ஆடு.
அந்தப் பக்கம் போக எனக்கு வேறு வேலையே இல்லை."

அழிரப்பரைத் தேடினேன்.

பென்வின்டா சன்னலைப் பார்த்துப் பேசினார்:
"சரியாக வரைந்த ஊரும் ஒன்று உண்டு.
ஒரு கூரைகூடத் தப்பில்லை. அன்று பெட்ரோல் இல்லை.
திரையின் முன் இருந்து எண்ணினேன், நாற்பத்திரண்டு.
எத்தனை என்று தெரியாமல் இருந்திருந்தால்
தூங்கியிருப்பேன்.
இதற்கு உங்கள் தாளில் எங்கே குறி போடுவது?"

இரவு விடுதியில் கைசாவின் படிவத்தைப் பிரித்தேன்.
பிற கருத்துகள் என்ற இடத்தில் ஒரே வரி:
'முந்திரித் தோப்பருகே மூன்று சதுரம்,
வரைந்த பிறகும் எனக்குச் சந்தேகம். அவை வீடுகளா?'

இல்லை என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
அழித்துவிட்டு, ஏழு பேர் என்று தொடங்கினேன்.
ஆட்டையும் சேர்க்க வேண்டும்.