இன்னாருடைய சகோதரி

மே மாதத்தில் ஒரு ஞாயிறு,
பாடம் வாசிக்கிற முறை எனக்கு.
நிருபத்தின் கடைசி அதிகாரம்.
அற்புதம் இல்லை, உபதேசம்கூடக் கொஞ்சம்தான்.
இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று
ரேஷன் கடைப் பட்டியல் போலப் பெயர்கள்.
ஒவ்வொன்றும் நாக்கில் கல்லாகத் தட்டியது.
பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
"சுருக்கி வாசித்திருக்கலாமேம்மா" என்றார் ஆயர்,
கனிவாகத்தான்.

திங்கள் மாலை ஆறு மணி.
சந்தூர் ரோட்டு மாங்கூழ் ஃபேக்டரி.
சேலைமேல் காக்கிச் சட்டை போட்டுப்
பெண்கள் கேட்டில் நான்.
பெங்களூரா சீசன், ஷிப்டுக்கு அறுபது பேர்.
முந்தானை, மடி, சாப்பாட்டுக் கூடை,
ஆளுக்குப் பத்து விநாடி.
ஒரு பழம், ஒரு கத்தி வெளியே போகக் கூடாது.
பதினோரு வருடமாக
இந்த இடுப்புகளை எனக்குத் தெரியும்.
முகங்களை அவ்வளவாகத் தெரியாது.

எங்கள் சபைக்கே வருகிற கிறிஸ்டில்டா
"ஸ்தோத்திரம்க்கா" என்று கைகளைத் தூக்குவாள்.
"ஸ்தோத்திரம், கையை இறக்காதே" என்று
அக்குளுக்குக் கீழே தடவுவேன்.
பஞ்ச் கார்டைத் தேய்ப்பது போல
அந்தச் சொல்லையும் தேய்த்துவந்தோம்.

அன்றைக்குக் கை தானாக நின்றது.
முன்னால் நின்றவளைக் கேட்டேன்,
"உன் பேர் என்ன?"
அவள் முகம் வெளுத்தது.
"நான் எதுவும் எடுக்கலைங்க."
கேட்டில் பெயர் கேட்டால்
நாளைக்கு வேலையில்லை என்று அர்த்தம்.
நான் இதுவரை பெயர் எழுதியதெல்லாம்
சிவப்பு நோட்டில்தான்.

இரவு அந்தக் கடிதத்தை முதலிலிருந்து புரட்டினேன்.
வாழ்த்த வந்தவர்
முதல் வார்த்தையாகத்
தன் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள், தொடுவதற்கு முன்,
"என் பேர் தயாமணி" என்றேன்.
வரிசை குழம்பியது.
"என்னம்மா, ஓட்டா கேக்கிற?" என்றார் சூப்பர்வைசர்.

"மாதம்மா" என்றாள் வெளுத்தவள்,
இரண்டு நாள் கழித்து, தரையைப் பார்த்து.
பிறகு முனிரத்னா. நான் தெலுங்கில் நலம் கேட்டதற்கு
உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் போனாள்.
ஷாகிதாவுக்குக் கத்தி கிழித்த விரல்.
"ஊசி போட்டியா?" என்பதுதான் அவளுக்கு வாழ்த்து.
ஒடிசாப் பெண் பசந்தி என்னைத்
தொயாமொணி ஆக்கிக்கொண்டாள்.
திம்மக்காவோ, "பேரெல்லாம் அப்புறம், பஸ்ஸு போயிடும்" என்றாள்.
நியாயம்தானே. அடுத்த நாளிலிருந்து
முதல் ஆளாக அவளை விட்டேன்.

சோதனை நிற்கவில்லை. சம்பளமே அதற்குத்தான்.
வாழ்த்தியவள் ஒருத்தியின் மடியில்
ஒருநாள் பழம் இருந்தது.
சிவப்பு நோட்டில் எழுதினேனா இல்லையா என்பதை
இங்கே சொல்லப்போவதில்லை.

அந்தப் பட்டியலிலும்
ஒருத்திக்குப் பெயர் இல்லை.
இன்னாருடைய சகோதரி, அவ்வளவுதான்.
எழுதியவர் மறந்தாரோ,
கேட்கக் கூச்சப்பட்டாரோ.
எனக்கும் ஒருத்தி இருந்தாள்.
பச்சைத் தூக்குவாளிக்காரி.
பேச முடியாதவளோ, பிடிக்காதவளோ,
சீசன் முழுக்க ஒரு சொல் தரவில்லை.

ஜூலையில் கடைசி லாரி போன சாயங்காலம்
நான் கேட்கும் முன்பே மூடியைத் திறந்து காட்டினாள்.
உள்ளே ஒன்றுமில்லை.
கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

மூடியைப் போட்டு,
இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன்.