நாலாவது ஆள்

என் தங்கை ட்ராம் ஓட்டுகிறாள்.
இந்த நான்கு சொற்களை
வரிசையாகச் சொல்ல
எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

அதற்கு முன் அவள்
வங்கியில் கடன் பிரிவின் துணைத்தலைவி.
ஏழாம் மாடி. கதவில் பித்தளையில் பெயர்.
ஸாக்ரெப் முழுக்கக் காலடியில் கிடக்கும் ஜன்னல்.
ஒரு பிப்ரவரித் திங்கட்கிழமை
ராஜினாமாப் படிவத்தில் காரணம் கேட்ட இடத்தில்
"உண்டு" என்று மட்டும் எழுதிவிட்டு
ஓட்டுநர் பயிற்சிக்குப் போய்விட்டாள் திஹானா.

அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.
நான்காம் நாள் சாப்பிட்டு, கை கழுவி,
"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று ஆரம்பித்தாள்.
எண்ணிப் பார்த்தேன்.
மேல்மாடியில் ஓய்வுபெற்ற கர்னல்.
ஸ்ப்ளிட்டிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடும் அத்தை.
தேவாலயத்தில் முன்வரிசையை விட்டுத்தராத
மருந்துக்கடை நெவென்கா.
மூன்றுதான் வந்தது.
நாலாவது ஆளை அம்மா சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

யாராவது விசாரித்தால்
"போக்குவரத்துத் துறையில் இருக்கிறாள்" என்பாள் அம்மா.
பொய் இல்லை.
அந்தத் துறைக்குள் ஒரு மேசை, ஒரு செயலாளர்,
சுழலும் நாற்காலி எல்லாவற்றையும்
கேட்பவர்களே போட்டுக்கொள்வார்கள்.

நான் பல் மருத்துவன்.
என் ஜீப்பின் கடன் சுவிஸ் பிராங்கில்
நான் தூங்கும்போதும் ஏறிக்கொண்டிருந்தது.
கடன் கொடுத்தது அவள் பிரிவுதான்.
அன்றைக்கே கேட்டாள்:
"இவ்வளவு உயரமான வண்டி எதற்கு?
உன் நோயாளிகள் மலையிலா இருக்கிறார்கள்?"
வேடிக்கை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர். ஜீப் பட்டறையில்.
சாவா ஆற்றுப் பனி தெருவரைக்கும் வந்திருந்தது.
டிக்கெட் என்ன விலையென்று
ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு
பதினோராம் எண்ணில், பின்கதவில் ஏறினேன்.
கூட்டத்துக்கு அப்பால், கண்ணாடித் தடுப்புக்குள்
ஒரு பிடரி.
அம்மா பேன் பார்த்த பிடரி.

சதுக்கத்தில் கஷ்கொட்டை வறுப்பவனுக்கு
மணியை இரண்டு தட்டுத் தட்டினாள்.
அவன் கரண்டியைத் தூக்கிக் காட்டினான்.
மறு நிறுத்தத்தில் ஏறியது நெவென்கா.
வயிற்றில் புளி கரைந்தது எனக்கு.
யாரோ விட்டுப்போன செய்தித்தாளை விரித்து
கால்பந்து பிடிக்காத நான்
கால்பந்துப் பக்கத்துக்குள் புகுந்துகொண்டேன்.

நெவென்கா நேராக முன்னால் போனாள்.
கண்ணாடியைத் தட்டினாள்.
"வியாழக்கிழமை இருமினாயே" என்று
ஒரு மாத்திரைப் பொட்டலத்தை இடுக்கில் நீட்டினாள்.
அவ்வளவுதான்.
போய் உட்கார்ந்து பின்னலை எடுத்துக்கொண்டாள்.

காகிதத்துக்குப் பின்னால்
நாலாவது ஆளுக்கு
காது சுட்டது.

டுபெட்ஸில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.
திஹானா வெளியே வந்தாள்.
"இந்த வண்டியில் கண்ணாடி பெரியது" என்றாள்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்,
உப்பு அதிகமான பாலாடைக்கட்டியோடு.

"சந்தோஷமா?" என்றேன், வாயில் ரொட்டியோடு.
"கால் வீங்குகிறது. சம்பளம் பாதிகூட இல்லை.
அந்த ஏழாம் மாடிக் காப்பி இயந்திரம்
சிலநாள் கனவில் வருகிறது."
"பிறகு?"
கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நான்கு நிமிஷம்.
"கதவைத் திறக்கிறேன், ஏறுகிறார்கள்.
போகிற இடம்
நெற்றியிலேயே எழுதியிருக்கிறது."

ஈரத் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டு
வண்டி கிளம்பியது.
நான் நடந்தே பட்டறைக்குப் போனேன்.
தூரம் அதிகம்; காலணி அதற்கானதில்லை.

ஜீப்பை இன்னும் விற்கவில்லை.
ஆனால் போன ஞாயிறு, அம்மா குளியலறையில்,
தொலைபேசியை நான்தான் எடுத்தேன்.
திஹானா எப்படியிருக்கிறாள் என்றாள் அத்தை.
அந்த நான்கு சொற்களையும் சொன்னேன்.

ஸ்ப்ளிட்டில் கடற்காற்று போலும்,
கம்பியில் வெறும் இரைச்சல்.
பிறகு அத்தை கேட்டாள்:
"எந்த நம்பர்?"