சொச்சம்

டப்பாவுக்குள் கரண்டி புதைந்து கிடந்தது.
நண்டு வளையில் கைவிடுகிற மாதிரி
துழாவித்தான் எடுத்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.
முப்பது கரண்டி, வேளைக்கு இரண்டு.
வகுத்தால் நூற்று இருபத்து மூன்று ரூபாய் சொச்சம்.
முனைக்காட்டு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள்,
சொச்சத்தையும் எழுதினேன்.

விஞ்சின் கைப்பிடி திருப்பி அடித்ததில்
நம்புவேலுக்குத் தாடை இரண்டு இடத்தில் விட்டிருந்தது.
ராமநாதபுரத்தில் பல்லோடு பல்லை வைத்துக் கம்பி முறுக்கினார்கள்,
மிதவைக்கு நாங்கள் மூங்கிலோடு மூங்கிலை முறுக்குகிற
அதே முறுக்கு.
ஆறு வாரம். குடிக்கலாம், கடிக்கக் கூடாது.

முதலில் நான் ஒப்பவில்லை.
மாவுக்கா இந்த விலை என்று
காரல் மீனை வேகவைத்து, முள் ஆய்ந்து,
மிக்ஸியில் அடித்து, வேட்டித் துணியில் வடித்துக் கொடுத்தேன்.
உறிஞ்சுகுழல் அடைத்துக்கொண்டது.
அவர் கண்ணில் நீர். காரமா, கோபமா,
கேட்டால் சொல்ல வாய் இல்லை.
கஞ்சித்தண்ணீர் இறங்கியது, எடை நிற்கவில்லை.
பத்து நாளில் நாலு கிலோ.
பாசி நிறுக்கும் தராசில் ஏற்றித்தான் பார்த்தோம்.

அதனால் மாவு.

வெண்ணிலா என்று போட்டிருந்தது.
மருந்துக்கடைக்குள் ஐஸ்கிரீம் உருகினால் வருகிற ருசி.
தண்ணீர் முதலில், மாவு பிறகு,
இல்லாவிட்டால் கட்டி தட்டும்.
இதை அவர்கள் எழுதவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

ஒரு விடிகாலை அடுப்பு மூட்ட நேரமில்லை.
அவர் பங்கில் இரண்டு கரண்டி எடுத்து நானே குடித்தேன்.
திருட்டுதான்.
இடுப்பளவு தண்ணீரில் நின்று விதைப்பாசி கட்டினேன்.
பதினோரு மணி வரை வயிறு கூப்பிடவில்லை.
அதையும் எழுதாவிட்டால் கணக்கு பொய்.
ஆனால் வாய் கூப்பிட்டது.
கடிக்க எதுவுமில்லாமல்
கயிற்று நுனியைப் பல்லில் பிடித்து முடிச்சுப் போட்டேன்,
வேண்டியதற்கு மேல் இறுக்கமாக.

டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்து.
கௌசிகா பதினொன்றாம் வகுப்பு, வாசித்தாள்.
பாலில் எடுத்தது ஒன்று, பட்டாணியில் எடுத்தது ஒன்று,
வாயில் நுழையாத பெயர்கள் ஒரு வரிசை,
அப்புறம் கராஜீனன்.
"அம்மா, இது நம்ம பாசி."
கலக்கிய மாவு அடியில் தங்காமல் பிடித்து நிறுத்துமாம்.

நாற்பத்தைந்து நாள் கடலில் விட்டு,
கச்சான் காற்றில் மிதவை அறுந்து,
தேடிப் பிடித்து, மணலில் உலர்த்தி,
கிலோ எழுபதுக்குப் போட்ட பாசி.
"இதுல எவ்வளவு இருக்கும்?"
"சிட்டிகைகூட இருக்காதும்மா."
மேலே ஏற்றிக் கீழே இறக்கி வகுத்துப் பார்த்தேன்.
எங்கள் பங்கு இருபது பைசா.
நம்புவேலிடம் நோட்டைக் காட்டினேன்.
சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வர முடியும்,
வெண்ணிலாவும் கூடவே வந்தது.

ஐந்து டப்பா. ஐந்தாவதில் பாதி மிச்சம்.
போன நாலு கிலோவில் மூன்று திரும்பியிருந்தது.
காலி டப்பா ஒன்றை மிதவையில் கட்டினோம்.
மூடி சரியில்லை, மறுநாளே முழுகிவிட்டது.

கம்பி அறுத்த அன்று நண்டு கேட்டார்.
டாக்டர் கையை ஆட்டிவிட்டார்.
இட்லியை ஆணத்தில் ஊறவைத்துக் கொடுத்தேன்.
ஒரு இட்லிக்கு அரைமணி நேரம்.
ஆணம் ஆறியது. ஈ வந்தது. விரட்டிக்கொண்டிருந்தேன்.

முத்துராக்கு வந்து கேட்டாள்,
"மெலியறதுக்கு நல்லதாமே, வாங்கலாமா?"
"தாடை ஒடஞ்சா வாங்கு" என்றேன்.
பாதிக் கணக்கைச் சொன்னது உறுத்தியது.
அந்த விடிகாலையையும், பதினோரு மணியையும் சொன்னேன்.
கயிற்றைச் சொல்லவில்லை.
மிச்ச அரை டப்பாவை எண்ணூறுக்கு எடுத்துக்கொண்டாள்.

கரண்டியை நான் கொடுக்கவில்லை.
உப்பு ஜாடிக்கு வசதியாக இருக்கிறது.