பதினோராம் கிழமை

கல்முனை பிரதான வீதி, மருந்துக்கடைக்கு மேல் மாடி.
ஏசிக் குளிரில்
சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பு
மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
எங்கள் இலக்கம் பதினான்கு.
இத்தனை கைக்குழந்தைகளை ஒரே அறையில் நான் கண்டது
நிந்தவூர் கிளினிக்கில், ஊசி போடும் புதன்கிழமைகளில்.
அங்கே கூச்சல். இங்கே
எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம்,
காசு கட்டிய இடம் அல்லவா.

காசு மச்சி கட்டாரிலிருந்து அனுப்பியது.
"இந்த முற ஒண்டையும் விட்டுறாதகா" என்று
குரல்பதிவும் அனுப்பியிருந்தாள்.
இந்த முறை.
அந்தச் சொல்லுக்குள் ஒரு தொட்டில் இருக்கிறது.
வீட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முஆதின் பிடரியில் அவர் இரண்டு விரல் வைத்தார்,
பழத்தின் பதம் பார்ப்பதுபோல.
சுத்தமான விரல்கள், ஒட்ட வெட்டிய நகம்.
"இந்தா, முதலாவது எலும்பு.
பிறக்கும்போதே விலகிடும், நரம்ப அமுக்கும்.
தூக்கத்துல போற பிள்ளைகள் எல்லாம் இதாலதான் போகுது.
பத்துத் தடவ கொண்டு வாங்க.
பிறகு நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

நான் தூங்கி எழுபது நாள்.
இரவில் அவன் மூக்கின் கீழ் புறங்கையை வைத்துச்
சூடு வந்து போவதை எண்ணுகிறேன்.
பிசகினால் முதலிலிருந்து.
தூங்கு என்று யாராவது சொன்னால்
காப்பைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.
அதற்காகத்தான் படியேறினேன், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் வாய் கேட்டது:
"அப்ப ஸஹ்லாக்கும் அந்த எலும்புதானா?"

தாளைப் பார்த்தார். அதில் ஸஹ்லா இல்லை.
"மூத்த பிள்ளையா... இருக்கலாம்.
அப்பவே கொண்டு வந்திருந்தா..."

முடிக்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்,
கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.
முடிக்காத அந்த வசனம்
என் மடியில் வந்து உட்கார்ந்தது,
முஆதை விடக் கனமாய்.

ஸஹ்லா பதினோராம் கிழமை, சுபஹுக்கு முன்.
திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து கேட்டார்:
எப்படிப் படுத்தாள், என்ன போர்த்தினீர்கள்,
வாப்பா புகைப்பாரா, தலையணை இருந்ததா.
இருந்தது.
கடைசியில் எழுதினார், காரணம் தெரியவில்லை என்று.
அந்த இரண்டு சொல்லை அன்று வெறுத்தேன்.
கடுதாசியைக் கசக்கினேன், பிறகு நீவினேன்,
கபனில் மிஞ்சிய துணிக்கு அடியில் வைத்தேன்.

அந்த மனிதர் எனக்கு நிற்க
ஓரடி நிலம் விட்டுப் போயிருக்கிறார்.
இவர் தெரியும் என்கிறார்.
தெரியும் என்றால்
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாவும் பஸ் காசும் செலவழிக்காததால்
செத்துப்போனாள் என் மகள்.

"கொஞ்சம் அழுவார், பயப்பட வேணாம்"
பெருவிரல் இறங்குமுன் பிள்ளையை வாரிக்கொண்டேன்.
"கழுத்து நிக்கட்டும்" என்றேன்,
வேறு பேச்சு வரவில்லை.
மேசையிலிருந்த பெட்டை காசைத் திருப்பித் தரவில்லை.
பாதி வழியில்தான் பார்த்தேன்,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு என் காலில்.

வெள்ளிக்கிழமை மிட்வைஃப் கார்த்தியாயினி மிஸ்ஸி வந்தா.
எல்லாம் கேட்டுவிட்டு, ஏசாமல்,
நேரே தொட்டிலுக்குப் போனா.
மாமி தைத்த இலவம்பஞ்சுத் தலையணை, போர்வை, கரடிப் பொம்மை,
ஒவ்வொன்றாய் என் கையில் அடுக்கினா.
தலையணையை வாங்கும்போது நான் வாய் திறக்குமுன்
"அது தெரியாது" என்றா, "ஒருத்தருக்கும் தெரியாது."

மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.
உங்கட அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கை.
வீட்டுக்குள் சிகரெட் கூடாது, றிஸ்மீனிடம் நானே சொல்கிறேன்.
"இப்பிடிச் செஞ்சா நடக்காதா மிஸ்ஸி?"
"குறையும்."
"நடக்காதெண்டு சொல்லுங்களன்."
பேனையை மூடி, பிறகு திறந்து, பிறகு மூடினா.
"குறையும் கா."

பதினோராம் கிழமையின் முதல் இரவு.
வெறும் மெத்தையில் முஆத்,
கை இரண்டையும் மேலே தூக்கி, சரணடைந்தவன்போல.
றிஸ்மீன் கேட்டுக்கு வெளியே, ஒரு சிவப்புப் புள்ளி.
சூடு வருகிறது. போகிறது.
நாற்பத்து மூன்று வரை எண்ணியது ஞாபகம்.
பிறகு பாங்குச் சத்தம்,
அதற்கும் மேலாய்ப் பசியில் அவன்.