வரி 118

உலான்பாத்தரில் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
புள்ளியியல் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
துலம்சுரென் மட்டும்.
உப்புப் போட்ட பால்தேநீர் ஆறி
மேலே ஏடு படிந்திருக்கிறது.

காலை ஒன்பதுக்குள் ஓர் எண் வேண்டும்:
பனி இறுகி மேய்ச்சலை மூடிய இந்தக் குளிர்காலத்தில்
சவ்கான் மாகாணத்தில் செத்த குதிரைகள் எத்தனை.
அதை வைத்துத்தான் வைக்கோல் லாரிகள் கிளம்பும்.

முதலில் ஓர் அடைப்புக்குறி.
திறந்தவள் அவள்தான், மூட மறந்தவளும்.
பிழை 64ஆம் வரியில் என்றது கணினி.
இருந்ததோ 41இல்.
இடறிய கல் ஓரிடம், விழுந்த இடம் வேறு.
இது விழுந்த இடத்தை மட்டும்தான் காட்டும்.

அடுத்து ஒரு மேற்கோள்குறி.
மூடாமல் விட்ட அந்த ஒற்றைக் கீற்று
பின்னால் வந்த எழுபது வரிகளையும்
யாரோ பேசிய பேச்சாக்கிவிட்டது.
கூட்டல், சராசரி, வரைபடம் எல்லாமே
பச்சை நிறத்தில்,
முடியாத ஒரு வாக்கியத்துக்குள்.
மூடினாள். நிறங்கள் தத்தம் வீட்டுக்குத் திரும்பின.

மணி இரண்டே கால்.
வரி 118.
‘சி என்ற ஃபங்ஷன் கிடையாது.’

சி கிடையாதா?
எண்களை ஒரே கயிற்றில் கோக்கிற சி,
இந்த நிரல்மொழியில் முதல் நாளே கற்றுத்தருகிற சி.
கண்ணெதிரே நிற்கிறது, இல்லை என்கிறது.
மேலே பன்னிரண்டு இடத்தில்
அதே சி-யை முணுமுணுக்காமல் விழுங்கிய கணினி.

காற்புள்ளிகளை எண்ணினாள். சரி.
அடைப்புக்குறிகளை விரல்விட்டு எண்ணினாள். சரி.
கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள்,
கடவுளை நம்பாதவர்களின் வேண்டுதல் அது.
வரி 118.

உலியஸ்தாயில் எர்கெம்பாயர் விழித்திருந்தார்.
கால்நடைப் பதிவேட்டுக்காரர்,
நிரல் என்றால் வாய்ப்பாடு மாதிரி ஏதோ என்று நினைப்பவர்.
பட்டியலைச் சரிபார்க்க அவருக்கும் கோப்பு போயிருந்தது.
“அந்த வரியைக் கொஞ்சம் சத்தமாகப் படியுங்கள்.
என் கண் செத்துப்போச்சு.”

தொண்டையைச் செருமிக்கொண்டு
தந்தி படிப்பவர்போல ஆரம்பித்தார்:
“எஸ். அடைப்பு திறக்கிறது...”
“எஸ் இல்லை, சி.”
“எனக்கு எஸ்தான் தெரிகிறது. பள்ளிக்கூடத்து எஸ்.”

அப்புறம் தொலைபேசியின் இரண்டு முனையிலும்
காற்று மட்டும்.

சிரிலிக்கில் எஸ், லத்தீனில் சி,
இரண்டுக்கும் ஒரே பிறை உடம்பு.
நம் துணைக்காலும் ரகரமும் போல,
தமிழ் எண் ஏழும் எகரமும் போல,
பார்த்தால் இரட்டை. பிறந்த வீடு வேறு.
பார்க்கத் தெரிந்தவளுக்குப் படவில்லை,
படிக்க மட்டுமே தெரிந்தவர் சொல்லிவிட்டார்.

எப்படி நுழைந்தது?
117ஆம் வரி, அவளே மங்கோலியத்தில் எழுதியது,
கணினி வாசிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பு:
‘பதிவேட்டில் ஏறாத குட்டிகளையும் சேர்.’
பிறந்த வாரமே விறைத்துப்போனவை.
யாரும் கேட்காத கணக்கு.
எழுதிய கையோடு அடுத்த வரிக்கு வந்தபோது
முதல் எழுத்துக்கு மட்டும் விரல்
தாய்மொழிச் சாவிக்கே போயிருக்கிறது.

ஓர் எழுத்தை அழித்தாள்.
ஓர் எழுத்தை அடித்தாள்.
அழித்ததற்கும் அடித்ததற்கும்
திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஓடியது. பதினோரு வினாடி.
எண் வந்து நின்றது.
ஒரு பிறைக்காக அத்தனை நேரம் முரண்டு பிடித்தது
ஒரு மாகாணத்துக் குதிரைகளுக்கு
கொஞ்சமும் தயங்கவில்லை.

“எவ்வளவு?” என்றார் எர்கெம்பாயர்.
சொன்னாள்.
“குட்டிகளோடா?”
“குட்டிகளோடு.”
“அப்படியென்றால் சரி,” என்றவர்
“சரியில்லை,” என்று திருத்திவிட்டு வைத்துவிட்டார்.

117க்குக் கீழே இன்னொரு குறிப்பு சேர்த்தாள்:
‘இங்கே விசைப்பலகையை மாற்று.’
பிறகு ஏட்டை விரலால் வழித்துப் போட்டுவிட்டு
ஆறிய தேநீரையே குடித்தாள்.