மூன்றாவது விருப்பம்

ஏப்ரல்.
வடக்கு டகோட்டாவில் இன்னும் உருகாத பனி
பேருந்துச் சக்கரத் தடங்களில் அழுக்காய்க் கிடக்கிறது.
என் மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
ஏழாம் வகுப்பு. அடுத்த ஆண்டுக்கான விருப்பப் பாடங்களை
ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதவும்.
பெற்றோர் கையொப்பம் கட்டாயம்.

கையொப்பங்களில் பாதி
பேருந்தில் போடப்பட்டவை.
எழுத்தின் குலுங்கலில் தெரியும்.
நான் கேட்பதில்லை.

ரோபோ வகுப்பில் இருபத்து நான்கு இடம்.
கேட்டவர்கள் தொண்ணூற்றொருவர்.
கணினி சீட்டுக் குலுக்கிப் போடும்.
இரண்டாவது விருப்பம் பெரும்பாலும் சமையல்,
செய்ததைத் தின்னலாம் என்கிற ஒரே காரணம்.
அதைவிட நல்ல காரணத்தை நானும் கண்டதில்லை.
மூன்றாவது வரிக்கு வருவதற்குள்
மணி அடித்திருக்கும் போல.
"எதுவானாலும்."
"தையல் தவிர."
"மேசன் எங்கேயோ அங்கே."
ஒரு கெட்ச்சப் கறை.
ஒரு குதிரைப் படம், மூன்று காலோடு.

யாரும் யோசிக்காமல் எழுதிய அந்த வரிமேல்தான்
அவர்களுடைய ஒரு வருடத்தைக் கட்டுகிறேன்.

கெபே ஃப்லோமோவின் மூன்றாவது வரியில்
ஒரே சொல்: லிஃப்ட்.
பட்டியலைத் திரும்பவும் பார்த்தேன்.
மரவேலை, நிரல் எழுதுதல், தையல்,
மின்சாரமும் எந்திரமும், கால்நடை மருத்துவம் ஓர் அறிமுகம்.
லிஃப்ட் இல்லை.
கூப்பிட்டனுப்பினேன்.

உனக்கேற்ற தொழில் எது என்று
கணினி அறுபது கேள்வி கேட்டதாம்.
ஸ்டெல்லன் ஹால்வர்சனுக்கு இறுதிச் சடங்கு நடத்துபவர் என்று வந்தது.
வகுப்பே சிரித்தது.
இவளுக்கு லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
யாரும் சிரிக்கவில்லை.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் லிஃப்ட் ஒன்றே ஒன்று,
கவுண்டி நீதிமன்றத்தில்.
மூன்று தளத்துக்கும் முனகிக்கொண்டே ஏறும்.

"நேற்று பள்ளி விட்டதும் போனேன்" என்றாள்.
"பதினொரு தடவை ஏறி இறங்கினேன்.
பன்னிரண்டாவதில் காவலர் வெளியே அனுப்பிவிட்டார்.
இரண்டாம் தளத்தில் மட்டும் அது
தரைக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது.
எல்லாத் தடவையும் அதே இரண்டு விரல்.
ஏன்?"

பத்தொன்பது வருடமாக
வண்டிப் பதிவைப் புதுப்பிக்க
அந்த இரண்டாம் தளத்துக்குத்தான் போகிறேன்.
ஒவ்வொரு முறையும் என் கால்
கொஞ்சம் உயர்ந்துதான் இறங்கியிருக்க வேண்டும்,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

மின்சாரமும் எந்திரமும் நிரம்பிவிட்டது.
இருபத்து நான்கு முக்காலி, இருபத்து நான்கு பெயர்.
இருபத்தைந்தாவது தலையைக் கண்டால்
வாத்தியார் ஓடிகார்ட் என் கதவைத் தட்ட மாட்டார்,
திறந்துகொண்டே வருவார்.
கடைசிப் பெயர் ஸ்டெல்லன்.
"எதுவானாலும்" என்று எழுதியவனைக்
கணினி நேற்றே அங்கே உட்கார வைத்திருந்தது.

இரண்டு சொடுக்கு.
அவன் சமையலுக்குப் போனான்.
அவள் வந்தாள்.
அன்றைக்கு மதியம் சாப்பாடு எனக்கு ருசித்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பரில் செவ்வாய்தோறும்
கருகிய வெங்காய வாசனையோடு
ஸ்டெல்லன் என் ஜன்னலைக் கடந்து போவான்.
ஒருநாள் நின்றான்.
"ஒரு நாள் முழுக்க எனக்கு மின்சாரம் என்று
திரையில் இருந்தது."
"எதுவானாலும் என்றுதானே எழுதியிருந்தாய்?"
"ஆமாம்" என்றான்.
"அது பேருந்தில் எழுதினது."

அக்டோபரில் வண்டிப் பதிவு.
லிஃப்டில் நான் மட்டும்.
இரண்டாம் தளம். கதவு திறந்தது.
மேலே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க,
கோட்டை மடக்கிப் பிடித்துக்
குனிந்து அளந்து பார்த்தேன்.

என் விரலுக்கு
ஒன்றரை.