நொண்டி மாடு

புதுக்கடை, டாம் வீதி மூலை.
போட்டோகொப்பி, பக்கம் பதினைந்து ரூபா.

இன்று சட்டத்தரணி அரியமலர் கொண்டுவந்தது
நூறு வருசத்துக்கு முந்திய ஒரு மாடு.
அவிசாவளை வீதியில்
விளக்கில்லாத வண்டி மோதிக் கால் முறிந்தது.
மாட்டுக்காரன் கிரிகோரிஸ். வண்டிக்காரன் மீராலெவ்வை.
இருவரும் மண்ணாகிவிட்டார்கள்.
மாடு மட்டும் நொண்டி நொண்டி
வழக்குக்கு வழக்கு வருகிறது.

"இதை வைச்சுத்தான் அண்ணை
எங்கட ஆட்டோக்காரருக்கு நட்டஈடு."

பாராளுமன்றம் எழுதாதது இது.
யாரோ ஒரு நீதியரசர், கழுத்துப் பட்டி வியர்த்து ஊற,
அன்றைக்கு நியாயமென்று பட்டதைச் சொல்லிவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பார்.
வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும்
அந்தப் பேச்சு இங்கே தங்கிவிட்டது:
முந்தியவனுக்குச் சொன்னதைப்
பிந்தியவனுக்கும் சொல்.

மூன்று பிரதி. ஐந்தாம் பக்கம் மங்கல்;
மாட்டின் விலை தெரியவில்லை.
கறுப்பு அங்கியைத் தலையில் போட்டுக்கொண்டு
மழைக்குள் ஓடினாள்.

என்னை எழுப்பச்சொல்லிக் கடைச் சொந்தக்காரன் போட்ட வழக்கும்
அதே கட்டடத்துக்குள்தான் கிடக்கிறது,
அடுத்த தவணை ஆவணியில்.
பிரதி எடுக்க வருகிற ஒவ்வொன்றையும்
மெஷின் சூடாகும்வரை வாசிக்கிறேன்,
என்னைப்போல் ஒருவன்
எங்கேயாவது முந்தி வென்றிருக்கிறானா என்று.